வாலிழந்த சாம்பி

கடந்த ஆண்டு நீண்ட விடுமுறைக்கு வீடு திரும்பிய மூன்றாம் நாள், கோழிக்கூண்டுப் பக்கமிருந்து தம்பி போட்ட கூச்சலில்தான் கண் விழித்தேன்.

"அக்கா! சாம்பிக்கு வாலையே காணோம்!"

எங்கள் வீடு புக்கிட் மெர்தாஜாமில், செரோக் தொக்குன் மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. விடுதித் தோழிகளிடம் பினாங்கு என்று சொன்னால் அவர்களுக்கு உடனே கடற்கரையும் பாலமும் நாசி கண்டாரும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பதோ பெருநிலப் பக்கம். அன்று ஜூலை மாதக் கடைசி வாரம். புனித அன்னாள் ஆலயத் திருவிழா கூட்டத்தால் சாலையெல்லாம் நெரிசல். இரவு முழுவதும் ஆள் நடமாட்டம் இருந்தும் மலைக்காட்டிலிருந்து ஒரு மூசாங், அதாவது மரநாய், இறங்கி வந்திருக்கிறது. கூண்டின் மூலையில் துருப்பிடித்திருந்த கம்பிவலையை விலக்கி, பரணில் ஓரமாகத் தூங்கிய கோழியின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. வால் இறகுகளும் உள்ளங்கை அளவுத் தோலும் போயிருந்தன. உயிர் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

ஆனால் நாங்கள் கூண்டைத் திறந்தபோது சாம்பியைத் துன்புறுத்திக் கொண்டிருந்தது மூசாங் அல்ல. அதனோடு ஒரே பரணில் தூங்கி எழுந்த மற்றக் கோழிகள்! சிவந்த காயத்தைக் கண்டதும் ஒன்று கொத்த, இன்னொன்று கொத்த, ஒன்பது கோழிகளும் மாறி மாறிக் கொத்தின. சாம்பி தலையை மூலையில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றது. கொத்துவதில் முன்னால் நின்றது பெரிய கறுப்புக் கோழி. அதற்கு 'வார்டன்' என்று பெயர் வைத்தவன் தம்பி. என் விடுதிக் கதைகளைக் கேட்டு அவனாக வைத்த பெயர். எங்கள் விடுதிக் காப்பாளர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்கவும்.

அம்மா பிறை தொழிற்சாலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "அறுத்துடுங்க அத்தை, பாவம், வேதனைப்படுது," என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டி பதில் பேசவில்லை. பாட்டி பிறந்து வளர்ந்ததெல்லாம் இரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்ய நேர்ந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தவை ஓர் அம்மிக்கல், தாத்தாவின் படம், கூடையில் அடைத்த இரண்டு கோழிகள். அந்த இரண்டில் ஒன்றின் பேத்திதான் சாம்பி. மற்ற கோழிகளெல்லாம் பிறகு பசாரில் வாங்கியவை. தோட்டத்து வழியில் மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான்.

"நீ லீவுல தானே இருக்க? நீ பாரு," என்றார் பாட்டி.

அப்படித்தான் என் விடுமுறை ஒரு கோழிக்குச் சொந்தமாயிற்று.

ஒரு மெகி மீ பெட்டியில் வைக்கோல் பரப்பி, சமையலறைக்குப் பின்னால் நிழலான இடத்தில் சாம்பியை வைத்தோம். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரால் காயத்தைக் கழுவினேன். சுற்றியிருந்த இறகுகள் இரத்தத்தில் தோய்ந்து ஒட்டாதபடி அவற்றைக் கத்தரித்து எடுத்தேன். பாட்டி மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார். நம் ஊர் வெயிலில் காயத்தைவிட ஈதான் பெரிய எதிரி. ஈ முட்டையிட்டுவிட்டால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும்; அதன்பிறகு காப்பாற்றுவது கடினம். ஆகவே பழைய கொசுவலையால் பெட்டியை மூடினோம். பாட்டி காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காயத்தை ஆராய்வார். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. புதிதாக முளைக்க வேண்டுமானால் தீனியிலும் புரதம் வேண்டும் என்று நான் படித்துச் சொன்னேன். அன்று முதல் நெத்திலியை உப்புப் போக அலசி நசுக்கிக் கொடுத்தோம். "எனக்கு நெத்திலி சம்பல் இல்ல, கோழிக்கு மட்டும் உண்டு," என்று தம்பி தினமும் முணுமுணுத்தான்.

நான்காம் நாள் சாம்பி என் கையிலிருந்து தீனி கொத்தியது. எட்டாம் நாள் என் காலடிச் சத்தம் கேட்டால் குரல் கொடுத்தது. பன்னிரண்டாம் நாள் காயம் கறுத்துக் காய்ந்து, ஓரத்தில் முள் முள்ளாக இறகுக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. நான் பெருமையில் மிதந்தேன். மறுநாள் காலை, தீனி போடும் நேரத்தில், ஊரறிய அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டேன்.

அதைப் போன்ற முட்டாள்தனத்தை நான் அண்மையில் செய்ததில்லை. வார்டன் தீனியை விட்டு நிமிர்ந்து பார்த்தது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்து சாம்பியின் கொண்டையைப் பிடித்து இழுத்தது. உடனே மற்றவையும் சேர்ந்துகொண்டன. எனக்கு அதிர்ச்சியளித்தது வார்டன் அல்ல. கூட்டத்திலேயே கடைசியாக இருந்த, எல்லாரிடமும் கொத்து வாங்கிய ஒரு செவலைக் கோழியும் பாய்ந்து வந்து கொத்தியதுதான் அதிர்ச்சி. தனக்குக் கீழே ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற அவசரம் அதற்கு! சேவல்தான் குறுக்கே வந்து விலக்கியது. நான் சாம்பியை அள்ளிக்கொண்டு ஓடினேன். கொண்டையில் இரத்தம். காய்ந்த புண்ணும் மறுபடி திறந்துவிட்டது.

அன்றிரவு கோழிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே என்ற நார்வே நாட்டு அறிஞர் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தவராம். 1922இல் அதை ஆய்வாகவே வெளியிட்டார். ஒரு கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இடம் உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. இந்த வரிசை நிலைத்திருக்கும் வரை சண்டை குறைவு. ஒரு கோழி சில வாரங்கள் இல்லாமல் போனால் அதன் இடம் போய்விடுகிறது. திரும்பி வரும்போது அது புதுக்கோழி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றனவாம். சாம்பியின் கொண்டையோ கிழிந்து வீங்கி, எனக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தது.

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டு, "இதுக்கு வெள்ளைக்காரன் எதுக்கு? பெட்டியில வச்சி வளர்த்தா அது உன் கோழி. அந்தக் கூட்டத்துக்கு அது யாரு?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை ஏனோ தூங்க விடவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தபின், மலாய்மொழித் தேர்ச்சி போதாமல், நான் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தேன். மறு ஆண்டு முதலாம் படிவத்தில் நுழைந்தபோது என்னோடு ஆறாம் ஆண்டு படித்தவர்கள் இரண்டாம் படிவத்தில் இருந்தார்கள். என் வகுப்பில் இருந்தவர்கள் என்னைவிட ஒரு வயது இளையவர்கள். யார் யாரோடு உட்கார்வது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் கழிவறையில் நின்று ரொட்டி தின்ற நாள்களும் உண்டு. அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒருத்தி தன் மேசையை என் மேசையோடு இழுத்துப் போட்டாள். கணக்கு வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதத்தான் அப்படிச் செய்தாள்! இருந்தாலும் மறுநாள் முதல் நான் சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன்.

சாம்பியிடம் திரும்புவோம். பாட்டி சொன்னபடி, கூண்டுக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்தோம். புண் மறுபடி மூடியதும் சாம்பியை அதற்குள் விட்டோம். மற்றவை அதைப் பார்க்கலாம், அதன் குரலைக் கேட்கலாம், கொத்த முடியாது. வலையின் இரு பக்கமும் அருகருகே தீனித்தட்டு வைத்தோம். முதல் இரண்டு நாள் வார்டன் வலைமேல் பாய்ந்தது. ஐந்தாம் நாள் அலுத்துப்போய்த் தன் பாட்டுக்குத் தின்றது. பிறகு ஒரு துணையைச் சேர்த்தோம். நான் நல்ல குணமுள்ள ஓர் இளங்கோழியைக் காட்டினேன். பாட்டியோ அந்தச் செவலையைத்தான் பிடித்துப் போடச் சொன்னார்.

"கொத்துனதாச்சே பாட்டி!"

"தனியா இருக்கிறப்ப கொத்தாது. கூட்டத்துல இருந்தாதான் அதுக்கு அந்த வீரம்."

அப்படியேதான் நடந்தது. ஒரு மணி நேரம் இரண்டும் முறைத்துக்கொண்டன, இரண்டு கொத்து. மாலையில் ஒரே தட்டில் தின்றன. மூன்றாம் நாள் ஒன்றின் முதுகில் மற்றது பேன் பார்த்தது.

இதற்கிடையில் தம்பி நான் படித்ததிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பிரிந்து போன கோழி இடத்தை இழக்கும் என்றால், வார்டனைப் பிரித்துவிட்டால் என்ன? மூர்க்கமான கோழியைச் சில நாள் தனியே அடைத்து வைப்பது கோழி வளர்ப்போர் உண்மையிலேயே கையாளும் வழிதான். சாம்பி இருந்த அதே கொசுவலைப் பெட்டிக்கு வார்டன் குடிபோயிற்று. நெத்திலி மட்டும் கிடையாது என்பதில் தம்பி கண்டிப்பாக இருந்தான்.

அடுத்த நாள் இரவு, இருட்டிய பிறகு, சாம்பியையும் செவலையையும் தூக்கிப் பரணில் மற்றவற்றின் நடுவே உட்கார வைத்தோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை போடாது. விடியும்போது பக்கத்தில் இருப்பதோடு இரவெல்லாம் ஒட்டித் தூங்கியிருக்கும். பாட்டி தோட்டத்தில் புதுக்கோழி வாங்கினால் எப்போதும் இப்படித்தான் சேர்ப்பாராம். ஐந்தரை மணிக்கே கைவிளக்கோடு நாங்கள் மூவரும் கூண்டருகே நின்றோம். கதவைத் திறந்து எல்லாவற்றையும் கூண்டில் அடைபட விடாமல் தோட்டத்தில் விட்டோம். ஓட இடம் வேண்டுமல்லவா? தீனியை மூன்று இடங்களில் தள்ளித் தள்ளிப் போட்டோம். வாழைமரத்தடியில் ஒளிந்துகொள்ள ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். சாம்பி அன்று நான்கு முறை அந்தப் பலகைக்குப் பின்னால் ஓடியது. மறுநாள் இரண்டு முறை. கொத்து விழத்தான் செய்தது. ஆனால் இரத்தம் வரவில்லை. கையை நீட்டித் தூக்கப் போன என்னைப் பாட்டி இரண்டு முறை தடுத்தார்.

காத்திருந்த நேரத்தில் சாம்பியின் மஞ்சள் கால்களைக் காட்டி, கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்ததாக 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பாட்டியிடம் சொன்னேன். "அப்ப அதுவும் கப்பல்ல வந்த வம்சந்தான்," என்று சிரித்தார்.

நான்காம் நாள் வார்டனை விட்டோம். தம்பிக்குப் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் அவன் நினைத்ததுபோல் அது அடியோடு வீழ்ந்துவிடவில்லை. இரண்டாம் இடத்திலிருந்த கோழியோடு ஒரு சண்டை போட்டுத் தோற்றது. மாலைவரை அந்த வேலையிலேயே இருந்ததால் சாம்பியைக் கவனிக்க அதற்கு நேரமில்லை.

நான் கோலாலம்பூருக்கு இரயில் ஏறிய அன்று சாம்பிக்கு விரல் நீள வால் முளைத்திருந்தது. விடைபெறப் போய் வழக்கம்போல் குரல் கொடுத்தேன். அது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, செவலைக்குப் பின்னால் வாழைத்தோப்புப் பக்கம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். இரவு நல்ல மழையாம். அவன் கைவிளக்கை அடித்து பரணில் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

"பத்தும் இருக்கா?" என்று கேட்டேன்.

"பத்தும் இருக்கு அக்கா. ஓரத்துல வார்டன். சாம்பி நடுவுல."