முட்டிக்கு ஒரு பெயர்

பளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இன்னும் விடியவில்லை. பங்குனி மாதம். கிழக்கே போகும் மணல் ஒழுங்கையில் நடந்தேன். இரண்டு பக்கமும் தென்னை, அதற்கு அப்பால் பனை. பனைகளுக்கு இடையில் தலையில்லாத மரங்களும் நின்றன. ஷெல் விழுந்து வட்டு அறுந்து போனவை, முடியில்லாத தூண்கள் மாதிரி. இந்த மண்ணுக்கு வருகிற யாரும் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

நான் தேடி வந்தவர் அதற்குள் மூன்று மரம் ஏறி இறங்கியிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நெஞ்சில் தோல் பட்டை, இடுப்பில் பாளைக்கத்தி, காலில் தளைநார். "இப்பதான் வாறீரோ தம்பி? முதல் முட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. சுணங்கிப் போட்டீர்" என்றார். அந்த ஒரு வசனத்தில்தான் எனக்குப் பாடம் தொடங்கியது. கள்ளு, நேரத்தில் வாழும் பொருள்.

கள்ளைத் தேடி நான் போனதற்குக் காரணம் வைன். அக்காவின் மகன் டென்மார்க்கில் வளர்ந்தவன். போன வருடம் கிளிநொச்சிக்கு வந்தபோது ஒரு வைன் போத்தல் கொண்டு வந்தான். அதன் லேபிளைத் தொலைபேசியால் படம் பிடித்தான். அது எந்த ஊர்த் திராட்சை, எந்த வருடத்து அறுவடை, குடித்தவர்கள் எத்தனை புள்ளி கொடுத்தார்கள், என்ன சாப்பாட்டோடு சேரும் என்பதெல்லாம் திரையில் வந்து விழுந்தன. 'விவினோ' என்ற அந்தச் செயலி 2010 இல் கொப்பன்ஹேகனில் தொடங்கப்பட்டது. வைன் கடையின் நீண்ட தட்டுக்கு முன்னால் எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்கிறவருக்கு வழி சொல்வதுதான் அதன் வேலை. "மாமா, வைனை விட அதைப் பற்றிச் சொல்லுறதுதான் பெரிய தொழில்" என்றான். அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு பானத்தின் சுவையைப் பிரித்தறிந்து இன்னொருவருக்குச் சொல்லும் அறிவு எங்களிடம் இல்லையா? இருந்தால் யாரிடம் இருக்கிறது?

இருக்கிறது. அது மரத்தின் உச்சியில் இருக்கிறது.

அவர் சீவியது ஆண் பனை. விரல் விரலாக நீண்டிருக்கும் பாளையைச் சேர்த்துக் கட்டி, பல நாள் சின்னப் பொல்லால் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிச் சீவித்தான் நீர் வரப் பண்ண வேண்டும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் பாளை செத்துவிடும். தட்டாமல் விட்டால் சுரக்காது. காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் ஒரு தாள் அளவு சீவ வேண்டும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் கிடைப்பது கருப்பநீர். அது புளிக்காது, காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் நுண்ணுயிர்கள் இனிப்பைத் தின்று அதைக் கள்ளாக்கும். ஈஸ்ட்டை யாரும் வெளியிலிருந்து போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் அது இருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்பமாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுவதும் அந்த உயிருக்காகத்தான்.

மரத்தடியில் பிளாவைக் கோலித் தந்தார். பனையோலையின் பச்சை வாசம் முதலில் வந்தது, பிறகு கள்ளு. முதல் மரத்தது இளநீரும் தேனும் கலந்த மாதிரி. வேலியோரத்து மரத்தது நாக்கின் ஓரத்தைப் பிடித்தது.

"அது துவர்ப்பன். நெடுகலும் அப்பிடித்தான். அங்கால நிக்கிறது உறைப்பு. பின்னேரம் இறக்கினால் இன்னும் ஏறும்."

அவர் சீவும் பன்னிரண்டு மரத்துக்கும் அவரிடம் இப்படி ஒரு சொல் இருந்தது. எந்தக் காற்றுக்கு எந்த மரம் கூடச் சுரக்கும், எந்த முட்டியைக் கழுவ வேண்டும், எதை அலசி மட்டும் விட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நான் கொப்பியில் எழுத எழுத, இது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் 1984 இல் வைன் மணங்களை ஒரு சக்கரமாக வகுத்தாரே, அதே வகையான அறிவு என்று பட்டது. அவர் வகுத்ததைக் காகிதத்தில் அச்சிட்டார்கள். இவருடையது இவரோடு மரத்தில் ஏறி இறங்குகிறது.

சூரியன் ஏறியதும் கள்ளு சைக்கிளில் தவறணைக்குப் போனது. நானும் பின்னால் போனேன். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு, தொழிலாளிக்குத் தன் கள்ளைக் கொடுக்க ஒரு நிச்சயமான இடம் கிடைத்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. தனியார் தயவில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய மீட்சி. அந்த மீட்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அன்று நான் கண்ட காட்சி மனதில் தைத்தது. அளந்து, லீற்றர் கணக்கை எழுதி, எல்லோருடைய கள்ளையும் ஒரே பீப்பாவில் ஊற்றினார்கள். தேனும் துவர்ப்பும் உறைப்பும் ஒன்றாகின. பன்னிரண்டு மரத்தின் பெயரும் அந்த இடத்தில் அழிந்தது.

அழியாமல் இருந்த காலமும் உண்டு. சங்கத் தமிழில் கள்ளுக்கு எத்தனை பெயர்! தெளிந்தது தேறல், நெல்லில் செய்தது தோப்பி, இன்னும் நறவு, மட்டு, பிழி. மூங்கில் குழாயில் அடைத்து முதிரவிட்ட தேறலும் இருந்தது. பெயர் பல இருந்தால் வேறுபாடு அறிந்த நாக்கும் பல இருந்தன என்றுதான் பொருள். பிறகு கள்ளு ஒரே சொல்லானது, அதை இறக்கியவர்களைச் சாதியின் பேரால் தள்ளி வைத்தார்கள். கள்ளைக் குடித்தவர்கள் கூட இறக்கியவரின் கையைத் தொடவில்லை. கையை மதிக்காத சமூகம் அந்தக் கை அறிந்ததை எப்படி எழுதி வைக்கும்? எங்களிடம் சுவை அகராதி இல்லாமல் போனதற்கு நான் காணும் காரணம் இதுதான்.

மதிக்கப்படாதது மதிப்புப் பெற்ற கதையும் உண்டு. 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கில வைன் வியாபாரி ஒரு சோதனை வைத்தார். போத்தல்களின் பெயரை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தார். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னிய வைன்கள். அதுவரை அந்த ஊர்களை உலகம் பெரிதாக மதித்ததில்லை. நேர்மையாகச் சுவைத்து வெளிப்படையாகச் சொன்ன ஒரு பிற்பகல் அந்தத் தோட்டக்காரர்களின் வாழ்வை மாற்றியது. நல்ல பரிந்துரை என்பது விளம்பரம் அல்ல, விளைவித்தவனுக்குச் சேர வேண்டிய மதிப்பை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி.

இங்கே அப்படிச் சுவைக்கு வழி சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பீப்பாவுக்கு முன்னால் தொடங்குங்கள். ஊர், மரம், இறக்கிய நேரம், இறக்கியவரின் பெயர் ஆகிய நான்கும் முட்டியோடு வரட்டும். போத்தலில் அடைத்த கள்ளு இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறது. சூடாக்கி உயிரை அடக்கினால்தான் அது கப்பலேறும், அதனால் சுவை மாறும். ஆகவே உண்மையான கள்ளைத் தேடுகிறவர் பளைக்கும் பூநகரிக்கும் வர வேண்டும். வருகிறவருக்கு வழி சொல்லும் வேலையை மரமேறியின் பிள்ளையே செய்யலாம். வருமானத்தில் முதல் பங்கு ஏறியவருக்குப் போக வேண்டும்.

தவறணையிலிருந்து ஐயாவின் வீட்டுக்குத் திரும்பியபோது, அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ருசி கதைக்கிறியள். கசிப்பால அழிஞ்ச வீடுகளையும் எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன், அம்மா. வன்னியில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் தின்ற குடும்பங்களை நானும் அறிவேன். அவர் மேலும் சொன்னது இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் விடப் பெரிது: "அளவு தெரிஞ்சவனுக்குத்தான் ருசி தெரியும்." வழி சொல்லும் தொழில், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புறப்படும் முன் ஐயா வளவின் மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே நின்ற பனை பெரிய உயரம் இல்லை, ஏணி வைத்தே எட்டலாம். 2010 இல் மீளக் குடியேறிய போது, சுற்றியிருந்த மரமெல்லாம் பங்கருக்கும் ஷெல்லுக்கும் போயிருந்த வெறும் மணலில் அவர் புதைத்த விதை. பனை பாளை தள்ள 15 வருடம் அளவில் பிடிக்கும், சிலது 20 உம் எடுக்கும். இந்த வருடம்தான் இது முதல் பாளை தள்ளியிருக்கிறது.

"இதின்ர குணம் எனக்கே இன்னும் பிடிபடேல்லை. குடிச்சிட்டுச் சொல்லும்" என்று பிளாவை நீட்டினார்.

குடித்தேன். இனிப்பு குறைவு. மெல்லிய உப்பு. முடிவில் பனம்பழத்தின் நினைவு போல ஒரு மணம். சொன்னேன். அவரும் ஒரு மிடறு குடித்து, நேரம் எடுத்து, தலையசைத்தார்.

"உப்புத்தான். உவர்க் காத்து படுற இடம். அப்ப இதுக்கு 'உவரி' எண்டு பேர் வைப்பம். எழுதும்."

எழுதினேன்: பளை, மூலைப் பனை, காலை எட்டு மணி முட்டி, உவரி. அதற்குக் கீழே அவருடைய பெயரை, அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னபடியே எழுதிக் கொண்டேன்.