உனக்கு ஆயக்கட்டில் எத்தனை குழி?

குடுமியான்மலைக்கு வரும் மாணவத் தோழர்கள் சிகாநாதர் கோயிலைப் பார்க்கிறார்கள். மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் படம் எடுக்கிறார்கள். சிலர் எங்கள் தெருவுக்கும் வருவார்கள். சுடுகாட்டுப் பாதை, டீக்கடை, கோயில் நுழைவு என்று விசாரிப்பார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் கண்மாய்க் கரையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீடுகள் அந்தக் கரைக்குக் கீழேதான் இருக்கின்றன. கண்மாயின் பெயர் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் கண்மாய்கள், குளங்கள். பலவற்றில் இதே கதைதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. கலிங்கில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் நீர்க்கட்டி. அவர் அப்பாவும் அதே வேலை பார்த்தவர். அந்தச் சத்தம் இல்லாததே அவரைத் தூங்கவிடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் நாலைந்து பேர் பின்னால் போனோம்.

கலிங்கின் மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கியிருந்தது. முக்கால் அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் கடைசித் தண்ணீருக்கு உதவும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் செய்த வேலை. வருடா வருடம் செய்வதுதான். ஆனால் கரையின் நடுவில், டிராக்டர் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில், அன்றைக்குத் தண்ணீருக்கும் கரை மட்டத்துக்கும் ஒரு சாண்தான் இருந்தது. மண்கரை மேல் தண்ணீர் வழியக் கூடாது. கற்கட்டிடமான கலிங்கு தாங்கும், மண் தாங்காது. வழிய ஆரம்பித்தால் அந்த இடத்தை அறுத்துக்கொண்டே இறங்கும்.

பெரியப்பா ஊருக்குள் போய் ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

“ஐயா, மூட்டைய எடுத்துருவோங்கய்யா. கரை தாங்காது.”

“உனக்கு ஆயக்கட்டுல எத்தன குழி இருக்கு? மடையப் பாத்தமா போனமான்னு இரு.”

அவர் திரும்பி வந்து எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. கூடப் போனவன்தான் சொன்னான்.

இரவு இரண்டு மணி இருக்கும். மடைக்குப் பின்னால், புறக்கரை அடியில் ஊற்றுப் போலத் தண்ணீர் கொப்பளித்தது. பெரியப்பா உள்ளங்கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். “தெளிஞ்சு வந்தா கசிவு. கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்.” கலங்கித்தான் வந்தது. எங்களில் ஒருவன் சாக்கை வைத்து அடைக்கப் போனான். அவனைப் பிடித்து இழுத்தார். “அடைக்காதடா, இங்க அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும். சுத்தி மூட்டைய அடுக்கு. உள்ள மணலப் போடு, மேல சரளையப் போடு. தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது.”

பொறியியல் படிக்கும் தோழர்கள் இதைத் தலைகீழ் வடிகட்டி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். பாதியில் நின்ற தொகுப்பு வீட்டுக்கு வாங்கிப் போட்டிருந்த மணலும் ஜல்லியும் அன்றைக்குக் கரைக்குப் போயின. சுமந்தது பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகளையும் கிழவர்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். நாலு மணிக்குக் கலிங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மூட்டைகளை யார் எடுத்தது என்று எழுத மாட்டோம். விடியும்போது ஊற்று தெளிந்திருந்தது.

காலையில் வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, “மூட்டையில கைவச்சவன் எவன்?” (அந்த வருடம் விளைச்சலில் ஒன்றும் குறையவில்லை.)

இதை எங்கள் ஊர்ச் சண்டை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி, “எத்தனை குழி” என்பது, சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சங்கத்தில் ஓட்டு ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோதும் பயனாளிகள் பத்தில் ஒரு பங்கு போட்டு வேலை செய்ய வேண்டும் என்றார்கள். பயனாளி என்றால் பாசனம் பெறுபவர். கரை உடைந்தால் முதலில் சாகப்போகிறவர் எந்தக் கணக்கிலும் இல்லை. வண்டல் மண் எடுக்கவும் நில ஆவணம் கேட்கிறார்கள். மீன்பாசி ஏலத்தில் காசு உள்ளவர்தான் நிற்க முடியும்.

உழைப்பு என்று வரும்போது மட்டும் நம்மைக் கணக்கில் எடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டம், ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்கள் வந்து வேலை செய்தே தீர வேண்டும் என்றது. வர மறுத்தால் தண்டனை. (புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம், இங்கே கட்டாயப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டிருக்காது, வழக்கமே போதும்.) மடை திறப்பது, இரவில் கரையைக் காப்பது, தண்ணீருக்குள் மூழ்கிக் குமிழியைத் திறப்பது எல்லாம் நம்மவர் வேலை. கூலி களத்தில் அளக்கும் நெல். மடையன் என்ற வசவு இந்த மடை திறப்பவனிலிருந்து வந்தது என்று முகநூலில் அடிக்கடி பகிர்கிறீர்கள். அகராதி அதை மடமையோடுதான் சேர்க்கிறது. சொல்லின் வேர் எதுவோ இருக்கட்டும். பெரியப்பாவை அப்படிக் கூப்பிட்டவர்கள் அகராதி பார்த்துக் கூப்பிடவில்லை.

2021-இல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும் அது பொருந்தும். எங்கள் கரை மூன்று ஆள் உயரம். சட்டத்தின் கண்ணுக்கு அது அணையே இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் பார்க்க வேண்டும். ஒன்றியத்தில் கரையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

சின்ன அணைதானே என்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே நடந்தது. அதுவும் சிறிய மண் அணை. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். 2019 ஜூலை 2 இரவு உடைந்தது. இருபது பேர் அளவில் போனார்கள். நண்டுகள் துளைத்ததுதான் காரணம் என்றார் ஓர் அமைச்சர். நண்டு வளை போடும்தான். எலியும் கரையானும் போடும். சீமைக்கருவேல வேர் செத்து மக்கினால் அதுவும் ஒரு குழாய். அந்த வளைகளைத் தேடி மூட ஓர் ஆளை வைத்து, அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

மராமத்து என்ற பெயரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜேசிபி வருகிறது. தூரத்திலிருந்து மண் கொண்டுவர டீசல் செலவு என்று உள்வாயில் கரையின் காலடியிலேயே தோண்டுகிறது. தோண்டியதைத் தளர்வாகக் கரை மேல் கொட்டுகிறது. அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இறுக்குவது கிடையாது. போட்டோ எடுக்கும்போது கரை உயரமாக இருக்கும். முதல் மழையில் அந்த மண் சரிந்து உள்ளே போகும், காலடிப் பள்ளம் மட்டும் நிற்கும். இதைக் கேட்கக் கிராம சபையில் எழுந்தால் அங்கேயும் குழிக் கணக்குதான்.

1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கை வைத்தது தண்ணீரைத் தொடும் உரிமைக்காக. அந்தச் சண்டையே இங்கே முடியவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அதுவும் எங்கள் அன்னவாசல் ஒன்றியம்தான். அப்போது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அந்த நன்றி இருக்கிறது. நாங்கள் இப்போது கேட்பது அதற்கு அடுத்தது: தண்ணீர் எவ்வளவு நிற்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் எங்களுக்கும் ஒரு வாய்.

முடியாத காரியம் இல்லை. 1990-களில் அறிவொளிக் காலத்தில் இதே மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். மீன்பாசியை அப்படி எங்கள் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தால், அந்தக் காசிலேயே கரைக்கு வருடம் முழுக்க ஒரு காவல் போடலாம். கலிங்கு மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு மேல் எதையும் அடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களில் இரண்டு பேர் சங்கத்தில். இவ்வளவுதான் மனுவில் எழுதினோம். ரசீது இருக்கிறது.

மனுவுக்கு ஓர் அதிகாரி வந்தார். கரை மேல் நடந்தார், மடையைப் பார்த்தார், நல்ல மனிதர்தான். போகும்போது சொன்னார்: “கரை இருக்குற எடத்துலதான் இருக்கு. வீடுங்கதான் தப்பான எடத்துல இருக்கு.” எங்கள் தாத்தாக்களுக்கு வேறு எந்த இடத்தில் மனை கொடுத்தார்கள் என்று அவரிடம் கேட்டோம். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

புரட்டாசி பிறந்துவிட்டது. பொறியியல் படிக்கும் தோழர்கள் இரண்டு பேராவது ஐப்பசிக்குள் வாருங்கள். பெரியப்பாவோடு கரையில் ஒரு நடை நடந்து, வளைகளையும் பள்ளங்களையும் அளந்து எழுதிக் கொடுங்கள். நாங்கள் சொன்னால் மனு, நீங்கள் சொன்னால் அறிக்கை. கலிங்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் காலிச் சாக்குகள் வந்து இறங்கியிருக்கின்றன. பெரியப்பா டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.