ஒரே பாறை, மூன்று மண்

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே ஏறினால் கியா பார்ம். சனி, ஞாயிறுகளில் சாலையின் இரு பக்கமும் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்ட்ராபெரி, வேகவைத்த சோளம், கீரைக்கட்டு, கள்ளிச்செடித் தொட்டி என்று வரிசையாகக் கடைகள். மண்ணைப் படிக்க வருகிறவருக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். இங்கிருந்து பிரியும் கிளைச்சாலை சுங்கை பலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கமும், அதற்கும் மேலே 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பிரிஞ்சாங் மலை உச்சியின் பாசிக்காட்டுக்கும் போகிறது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் காய்கறிப் பாத்தி, தேயிலைச் சரிவு, காடு என்று மூன்றிலும் குழி பார்த்துவிடலாம். மூன்றுக்கும் அடியில் கிடப்பது தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்தான்.

இந்த நெருக்கம் எவ்வளவு பெரிய வசதி என்பது ஆராய்ச்சி மாணவனுக்குத்தான் தெரியும். மண் மெதுவாக மாறும். காட்டை அழித்த நிலத்தில் மட்கு குறைவதும், உரம் போட்டு வந்த நிலத்தில் அமிலத்தன்மை ஏறுவதும் நம்பும்படியாக அளவில் தெரியப் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகும். முதுகலை ஆய்வுக்குக் கிடைப்பதோ இரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு மூன்று, நான்கு. அதிலும் தலைப்பு முடிவாவது, அனுமதிக் கடிதம், கருவிக்குக் காத்திருப்பது, எழுதுவது என்று பாதி போய்விடும். ஒரே நிலத்தின் அருகில் உட்கார்ந்து அது மாறுவதைப் பார்த்து முடிக்க எந்த மாணவனாலும் ஆகாது. ஆகவே காலத்துக்குப் பதிலாக இடத்தை வைத்துப் பார்க்கிறோம். காட்டு மண்ணை ‘முன்பு’ என்றும், தேயிலை மண்ணைத் ‘தொண்ணூறு ஆண்டுக்குப் பின்’ என்றும், காய்கறி மண்ணை ‘இன்னொரு வகையில் பின்’ என்றும் எடுத்துக்கொள்கிறோம். மண்ணியலில் இது ஏற்கப்பட்ட வழி. ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: வெட்டுவதற்கு முன் மூன்று நிலமும் ஒன்றாகத்தான் இருந்தன என்பது. அதை நம்பலாமா என்ற கேள்வியோடுதான் செர்டாங் பல்கலைக்கழகத்திலிருந்து மலையேறினேன். இன்றும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மலையின் வரலாறு அந்த நம்பிக்கைக்குப் பாதித் துணையாக இருக்கிறது: தேயிலை நிற்கும் இடமும் முன்பு காடுதான். 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1920களின் நடுவில் தானா ராத்தாவில் அரசின் பயிர்ச் சோதனை நிலையம் வந்தது. 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவரோடு சேர்ந்துகொண்டார். காட்டை வெட்டியதும், செடி வைத்ததும், சரிவில் வடிகால் தோண்டியதும் யார் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் லயங்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கின்றன. கொழுந்து எடுக்க இப்போது வங்கதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் வந்துவிட்டார்கள். பல இடங்களில் இரண்டு பேர் பிடித்துப் போகும் இயந்திரம் ஓடுகிறது.

தேயிலை மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் மனம் அதிகம் தங்கியது அங்கேதான். பெரும்பாலான பயிர்களுக்கு அமில மண் ஆகாது. மண்ணின் பி.எச். ஐந்துக்குக் கீழே போனால் களிமண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து நீரில் கலக்கும். கரைந்த அலுமினியம் வேர்நுனியைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்தும். தேயிலையோ 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச்.-ஐத்தான் விரும்புகிறது. அலுமினியத்தைச் சகித்துக்கொள்வது மட்டுமில்லை, அது கிடைத்தால் அதன் வேர் இன்னும் நன்றாக ஓடுகிறது. தேயிலைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவை இ. எம். செனரி 1955-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உறிஞ்சிய அலுமினியத்தைச் செடி முதிர்ந்த இலைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உலர்ந்த முற்றிய இலையின் எடையில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. நாம் பறிக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இளசு, அவற்றில் அந்த அளவு மிகக் குறைவு.

முற்றிய இலை எங்கே போகிறது? மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது கிளையும் இலையுமாக அது செடியின் காலடியிலேயே விழுகிறது. அந்தக் கழிவு மட்கும்போது கரிமம் மண்ணுக்குத் திரும்புகிறது, அலுமினியமும் திரும்புகிறது. மேலே அம்மோனிய உரம் போடப் போட, அதை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் வெளியாகிறது. இப்படித் தேயிலை தனக்குப் பிடித்த மண்ணை ஆண்டுக்கு ஆண்டு இன்னும் அமிலமாக்கிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது தேயிலைக்கே ஆகாது. அந்தக் கட்டத்தைத் தோட்டம் எப்போது தொடும் என்று சொல்ல ஒரு மாணவனின் ஒரு பருவ அளவீடு போதவே போதாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேயிலைக் காட்டில் எங்கே மண் எடுப்பது? செடியின் தூரடியிலா, கொழுந்து எடுப்பவர்கள் நடந்து நடந்து இறுகிப்போன வரிசை இடைவெளியிலா? உரம் விழுவதும் சருகு விழுவதும் தூரடியில், மிதி விழுவது இடைவெளியில். ஒரே செடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இரண்டு மண். எங்கே எடுத்தார்கள் என்று எழுதாத ஆய்வேட்டின் எண்களை நான் பயன்படுத்துவதில்லை.

இந்த நுணுக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி. சரிவில் துளைப்பானைத் திருகிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“என்ன தம்பி தோண்டுற?”

“மண்ணுப் பார்க்கிறேன் பாட்டி.”

“பார்க்கணும்னா அந்த முடக்குக்கு மேல பாரு. மழை பெஞ்சா அங்க கால் நிக்காது, வழுக்கித் தள்ளும். இங்க அப்படி இல்ல.”

அவர் காட்டிய இடத்தில் துளைத்தேன். மேல்மண் விரற்கடை அளவுக்குக்கூட இல்லை. நேராகச் செம்மஞ்சள் களி வந்தது. மேல்மண் அரித்துப்போய் அடிமண் வெளியே தெரியும் இடத்தில்தான் கால் வழுக்குகிறது. கூடையைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கியவர்களின் பாதத்தில் மண்ணரிப்பின் வரைபடம் முழுவதும் இருந்தது. அதற்குப் பிறகு புதிய சரிவு எதற்குப் போனாலும், மழையில் எங்கே வழுக்கும் என்று வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மாதிரி எடுக்கும் இடங்களைக் குறித்தேன்.

அதிகாரபூர்வமான வரைபடம் இந்த மலைக்கு அவ்வளவு உதவாது. தீபகற்ப மலேசியாவின் பொது மண் வரைபடத்தில் சமவெளி மண்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் இருக்கிறது. நடுமலைத்தொடரின் பெரும்பகுதிக்கோ ‘செங்குத்து நிலம்’ என்ற ஒரே அடையாளம். பயிருக்கு ஆகாத நிலம் என்று அளவையாளர்கள் விட்ட இடம் அது. அங்கேதான் நாட்டின் முட்டைக்கோசும் தக்காளியும் தேயிலையும் விளைகின்றன. மலேசிய மண்களை வகைப்படுத்துவதில் வாழ்நாளைச் செலவிட்ட எஸ். பரமானந்தன் 2000-ல் வெளியிட்ட ‘மலேசிய மண்கள்’ என்னும் ஆங்கில நூலை மேசையில் வைத்துக்கொண்டுதான் என் குழிகளுக்குப் பெயர் தேடினேன். ஒரு தமிழர் இந்த நாட்டின் மண் முழுவதையும் இப்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறார் என்பது தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பள்ளியிலேயே தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

காய்கறி நிலத்துக்கு வந்தால், மூன்று நிலமும் முன்பு ஒன்றுதான் என்ற அனுமானம் ஆட்டம் காண்கிறது. முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் பி.எச். ஆறுக்கு மேல் வேண்டும். எனவே சுண்ணாம்புத் தூள் போடுகிறார்கள், அலுமினியம் அடங்குகிறது. இந்த மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை மீறிச் செடிக்குக் கிடைக்கக் கோழி எருவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். ஆண்டுக்குப் பல போகம் எடுப்பதால் மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. இவையெல்லாம் அளக்கக்கூடியவை. அளக்க முடியாதது, படிக்கட்டாக வெட்டும்போது நடந்தது. சரிவை வெட்டிச் சமப்படுத்தியபோது உள்பக்கம் பழைய அடிமண் மேலே வந்துவிட்டது, வெளிப்பக்கம் மேல்மண் புதைந்துவிட்டது. அந்தப் பாத்தியில் நான் எடுக்கும் மேல் 15 சென்டிமீட்டர், ஒரு காலத்தில் தரைக்கு ஒரு மீட்டர் கீழே இருந்ததாகவும் இருக்கலாம். அதைக் காட்டின் மேல் 15 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டு, ‘விவசாயத்தால் கரிமம் இவ்வளவு குறைந்தது’ என்று எழுதுவது நியாயமா? கொத்திக் கொத்திப் பொலபொலத்த பாத்தியில் அதே ஆழத்துக்குள் மண்ணின் எடையே குறைவு. ஆழத்தை விட்டுவிட்டு எடையை வைத்து ஒப்பிட்டால்தான் கொஞ்சமாவது நேர்மையாக இருக்கும். விவசாயி மீது பழி போடும் முன் இந்தக் கணக்கைச் செய்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அரிப்பு விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. 1950களிலேயே நீர்மின் திட்டத்துக்காக இங்குள்ள ஆறுகளை அளந்த ஷேலோ, காடு அதிகம் வெட்டப்பட்ட ஆற்றுப் படுகைகளிலிருந்து காடு மூடிய படுகைகளைவிடப் பல மடங்கு வண்டல் வருவதை 1956-ல் எழுதிவைத்தார். தேயிலையும் இளமையில் மண்ணைத் தின்னும். இலைப்பரப்பு மூடிய பிறகு மழைத்துளிக்குக் குடை பிடித்த மாதிரி நின்று மண்ணைக் காக்கும். காய்கறிப் பாத்தியோ ஒவ்வொரு போகத்துக்கும் இடையில் வெறும் நிலமாகக் கிடக்கும். பிளாஸ்டிக் கூரை போட்டால் பாத்தி தப்பிக்கும், கூரையில் விழுந்த தண்ணீர் ஒரே வேகத்தில் கீழ்ச்சரிவை அறுக்கும். அந்த மண்ணெல்லாம் பெர்த்தாம் ஆற்றில் இறங்கி, 1963-ல் முடிந்த சுல்தான் அபூபக்கர் அணையில் போய் உட்கார்கிறது. தூர்வாருகிறார்கள், மீண்டும் சேர்கிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மேலே ஒரு பாத்தியில் பிடி மண் தங்குவதற்கும் கீழே ஒரு வீட்டின் படுக்கையறைக்கும் தொடர்பு உண்டு என்று அந்த ஆண்டு எல்லோருக்கும் தெரிந்தது.

காலம் போதாத பிரச்சினைக்குத் தீர்வு தனி மாணவனிடம் இல்லை, கைமாற்றிக் கொடுப்பதில் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909-ல் நிரந்தர உரப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். தொழு உரம், தழை, மணி, சாம்பல் சத்துகளை இன்ன பாத்திக்கு இன்னது என்று வகுத்து, மாற்றாமல் போட்டுப் பயிர் செய்துவந்தார்கள். தொடங்கியவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து எண்கள் எடுத்துப் பட்டம் வாங்கினார்கள். 1925-ல் தொடங்கிய இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்குகிறது. அங்கே 1986-ல் வெளிவந்த தேயிலைக் கையேட்டின் பதிப்பாசிரியர்கள் சிவபாலன், குலசேகரம், கதிரவேற்பிள்ளை. நூலகத்தில் அந்த மூன்று பெயரையும் ஒரே அட்டையில் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கையேட்டின் பின்னால் பல பத்தாண்டுகளின் களக் குறிப்பேடுகள் இருக்கின்றன.

பொதுவாக, பட்டம் முடிந்ததும் மண் மாதிரிகளைக் கொட்டிவிடுவார்கள். அலமாரியில் இடம் வேண்டும் அல்லவா. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காற்றில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மூடிவைத்த மண் பல பத்தாண்டுகள் கழித்தும் பேசும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மண்ணை இன்னும் எடுத்துப் புதுக் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். கியா பார்மின் மண்ணும் அப்படிச் சேமிக்கத் தகுந்தது. என் மாதிரிகளை நான் கொட்டவில்லை. ஒவ்வொன்றிலும் இடத்தின் ஆயத்தொலை, ஆழம், தூரடியா இடைவெளியா, எடுத்த மாதம் எல்லாம் எழுதி, அதே சரிவுகளில் இப்போது முனைவர் ஆய்வு தொடங்கியிருக்கும் ஒரு தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

“அண்ணே, முதல்ல எதை அளக்கட்டும்?” என்று கேட்டாள்.

எதையும் அளப்பதற்கு முன் தோட்டத்து அலுவலகத்தில் கவ்வாத்து அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள் என்றேன். நான் மண் எடுத்தது சில சரிவுகளில் கவ்வாத்து விழுந்த ஆண்டு, சிலவற்றில் அதற்கு முந்தைய ஆண்டு. அவள் எந்த ஆண்டில் எடுக்கிறாள் என்று தெரியாமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், கரிமம் கூடியதா குறைந்ததா, வெட்டிய கிளை மட்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கவ்வாத்துச் சுற்று பொருந்தும் சரிவுகளில் முதலில் தூரடியில் எடுக்கட்டும், மண்ணின் அடர்த்தியை அளக்கும் வளையமும் அதே இடத்தில் இறங்கட்டும். அதற்குப் பிறகு முடக்குக்கு மேலே உள்ள வழுக்கும் இடம்.