மொட்டைக் கோபுரம்

ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக நம் மேற்குக் கரைக்கு வந்துகொண்டிருந்த 2ஆம் நூற்றாண்டில், தாலமி தன் பூகோள நூலில் பெட்டிகோ என்று ஒரு மலையைக் குறித்து வைத்தார். அது பொதிகைதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மலை இருக்கிறது, என் ஊர் இல்லை. தென்காசி என்று ஒரு ஊர் பெயர் பெற இன்னும் 1300 வருஷங்கள் ஆக வேண்டியிருந்தது.

ஊர்ச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பழமையிலிருந்து தொடங்க ஆசைப்படுவார்கள். தென்காசியைத் தோல்வியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1311இல் மாலிக் காபூர் வந்துபோன பிறகு பாண்டியர் பழையபடி எழுந்திருக்கவே இல்லை. மதுரை சுல்தான்களிடமும் பின்பு விஜயநகரத்தாரிடமும் போயிற்று. வம்சம் தெற்கே ஒதுங்கியது. 1422இல் பட்டத்துக்கு வந்த பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்கு 1446இல் கோயில் எடுக்கத் தொடங்கினான். எறும்புச் சாரை இடம் காட்டியதாக ஸ்தல புராணம். மதுரையை மீட்க முடியாதவன் காசியை வரவழைத்துக்கொண்டான் என்றுதான் எனக்குப் படுகிறது. கோபுர வேலையை முடித்தது அவன் தம்பி குலசேகரன்.

அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டுப் பாட்டு இருக்கிறது. தானத்துக்குக் கேடு செய்பவன் இன்ன பாவத்தில் போவான் என்று சபித்து முடிப்பது கல்வெட்டுகளின் வழக்கம். இவன் சபிக்கவில்லை. இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை வந்து, அதை யார் வந்து சரி செய்தாலும், அவர்களை உலகம் அறிய இப்போதே வணங்கிவிட்டேன் என்கிறான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஆட்களின் முன் விழுந்து கும்பிடுகிறான். ராஜ்யம் கையைவிட்டுப் போவதைக் கண்ட வம்சத்தில் வந்தவனுக்குத்தான் இது சாத்தியம் என்று நினைக்கிறேன்.

அவன் பயந்தது நடந்தது. நான் பிறந்து வளர்ந்தபோது ராஜகோபுரம் இல்லை. மேல்நிலைகள் போய்விட்ட ஒரு மொட்டைக் கோபுரம்தான் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு அதைத் தாண்டித்தான் போவோம். கல்லிடுக்கில் செடி முளைத்திருக்கும். பொதிகைக் காற்று வாசலில் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும்.

எண்பதுகளில் சாரலுக்குக் குற்றாலம் வருகிற இலக்கிய நண்பர்களை ஐந்தருவியில் குளிக்க வைத்துவிட்டு, கட்டாயமாக இங்கே கூட்டிவருவேன். முழுமையடையாமையின் அழகு, காலத்தின் கையெழுத்து என்றெல்லாம் பேசுவோம். முழுக் கோபுரங்கள் எங்கும் உண்டு. இது ஒன்றுதான் நவீனமானது என்று நான் எழுதியும் இருக்கிறேன். கோபுரத்தைத் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்பா ரைஸ்மில் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கோபுரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் அப்போது அது பெரிய தொகை. இருக்கிற அழகைக் கெடுக்கப் பணம் கொடுக்கிறீர்களே என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, ‘கூரை ஒழுகுத வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, மழை நல்லாருக்குன்னு சொல்லுவியாலே?’ என்றார். அதற்கு மேல் பேசவில்லை. 1990இல் குடமுழுக்கு நடந்தபோது நான் ஊரில் இல்லை. வேண்டுமென்றே போகவில்லை.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதிய அதிவீரராம பாண்டியனுக்குப் பிறகு வம்சம் தேய்ந்து மறைந்தது. டச்சுக்காரர்கள் 1621இல் பாண்டாத் தீவுகளில் ஜனங்களைக் கொன்று குவித்துக் கைப்பற்றிய ஜாதிக்காய், 1800ஐ ஒட்டிக் கம்பெனியாரின் தோட்டத்தில், குற்றாலத்துச் சரிவில் முளைத்தது. 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போயிற்று. 1956இல் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது. 2019இல் தென்காசி ஜில்லாத் தலைநகராயிற்று. மதுரையை இழந்தவர்களின் ஊருக்குக் கடைசியில் ஒரு கலெக்டர் கிடைத்தார்.

அப்பா காலமாகிச் சில வருஷங்களுக்குப் பின் ஒரு சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். ஒன்பது நிலைகள். புதுச் சுதை உருவங்கள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடித்ததாகச் சொன்னால் பொய். ஆனால் அந்தக் கல்வெட்டை நண்பர்களுக்கு எத்தனையோ முறை படித்துச் சொன்னவன் நான். அதன் அழகைச் சொன்னேன், அந்தப் பணிவைச் சொன்னேன். அது யாரை நோக்கிய கும்பிடு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டதில்லை. குறையை ரசித்தவனை அல்ல, சரி செய்தவனைத்தான் ராஜா கும்பிட்டிருக்கிறான்.

ஐந்நூறு வருஷம் கழித்து அந்தக் கும்பிடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டைப் படிக்காத அப்பா அதை வாங்கிக்கொண்டார். படித்த நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறேன். கோபுர வாசலில் காற்று அன்றைக்கும் அதேபோல அடித்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.