ஆளுக்கு ஆகாத ஒரு சொல்



'வென் யூ ஆர் கன்வீனியன்ட், ப்ளீஸ் கால் மீ.' ஆங்கிலம் படிக்கும் சீனர்கள் பலர் இப்படி எழுதுவார்கள். சீன நிறுவனம் ஒன்றோடு வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி, தன் குழுவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றாள். இதில் என்ன தப்பு என்றும் கேட்டாள்.

தப்பு இருக்கிறது. இந்தப் பொருளில் நேரமோ இடமோ ஏற்பாடோதான் 'கன்வீனியன்ட்' ஆக இருக்கலாம். ஆள் இருக்க முடியாது. 'வென் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ' என்பதே சரி. ஆளுக்கே போட்டுவிட்டால், நம் காரியத்துக்குத் தோதாகக் கிடைத்த ஆள் என்பதுபோல் ஒலிக்கும்.

ஆனால் எழுதியவர் மனதில் இருப்பது மரியாதை. சீனத்தில் இதற்கு 'ஃபாங்பியென்' என்று ஒரு சொல். அது இடத்துக்கும் வரும், ஆளுக்கும் வரும். 'நீங்கள் எப்போது ஃபாங்பியென்?' என்று கேட்டால், உங்களுக்குத் தொந்தரவில்லாத நேரம் எது என்று பொருள். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குகிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு வேலையும் அதிகம். வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ் 'ஃபாங்பியென் மியென்'. கையில் ஃபாங்பியென் இல்லை என்றால் பணமுடை. 'ஃபாங்பியென் செய்துவிட்டு வருகிறேன்' என்றால் கழிப்பறைக்குப் போகிறார். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள், நாமும் வழங்கும் 'உபாயம்' என்ற வடசொல்லுக்கு இதைத்தான் வைத்தார்கள்.

நம் 'வசதி'யைப் பாருங்கள். 'உங்களுக்கு எப்போது வசதி?' என்கிறோம். அந்தக் 'கு' உருபுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 'ஃபார் யூ' தானாக வந்துவிடுகிறது. ஆனால் 'அவர் வசதியானவர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் நாமும் அதே குழியில்தான் விழுவோம். நம் தாய்மொழியில் ஒரு வேற்றுமை உருபு இருப்பது நம் கெட்டிக்காரத்தனம் இல்லையே!

அவளுக்கு நான் சொன்னது இதுதான்: சிரிக்கிறவர்களோடு சேராதே. பதில் எழுதும்போது 'த்ரீ ஓ க்ளாக் இஸ் கன்வீனியன்ட் ஃபார் மீ' என்று சரியாக எழுது. யாரையும் புண்படுத்தாமல் திருத்தும் வழி அது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவப்பு மையால் சுழிக்கும் முன், 'உன் வீட்டு மொழியில் இதை எப்படிச் சொல்வாய்?' என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் தப்புக்கான காரணம் அங்கேயே கிடைக்கும்.