குதிரையில் வந்தது யார்?

மர்மதேசம் தொடர்களில் 'விடாது கருப்பு'வுக்குத் தனி இடம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, 1990களில் சன் டிவியில் வாராவாரம் வந்தது. ஊரில் தப்பு செய்கிறவனைக் கருப்புசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறார். குளம்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் போர்வைக்குள்!

முடிச்சு அவிழும் அத்தியாயம்தான் உச்சம். (பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.) வந்தது சாமியும் இல்லை, பேயும் இல்லை. தனக்கே தெரியாமல் கருப்பாக மாறிவிடும் ஒரு மனிதன். இதே சமாச்சாரத்தோடு 'அந்நியன்' வந்தது 2005ல்தான். இத்தனை வாரம் சாமி பெயரில் பயமுறுத்திவிட்டு, கடைசியில் மனநோய் என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா? அதுவும் கும்பிடுகிறவர்களை முட்டாளாக்காமல்! விளக்கமெல்லாம் கேட்டு முடித்த பிறகும், ராத்திரியில் கருப்பு கோயில் பக்கம் தனியாகப் போக யாருக்கும் தைரியம் வந்துவிடவில்லை.