முக்திநாத யாத்திரை – 5: காளி கண்டகியின் பகற்காற்று

சென்ற கட்டுரையை நேபாளத்தின் ஜோம்சோமில் நிறுத்தியிருந்தேன். வைணவர்கள் போற்றும் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் முக்திநாதமே என்ற நம்பிக்கையோடு தமிழ்நாட்டிலிருந்து வரும் யாத்ரிகர்கள், இவ்வூரில் இறங்கியதும் பனிச்சிகரங்களையே அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். ஆனால் அச்சிகரங்களின் அடியில், காளி கண்டகி நதிப் படுகையில், பகல்தோறும் எழுந்து இரவில் அடங்கும் காற்றும் அவற்றுக்குச் சற்றும் குறையாத அதிசயமென்றே நான் கருதுகிறேன்.

விடியற்காலையில் நாங்கள் புறப்பட்டபோது கூரைகளின்மேல் நட்டிருந்த பௌத்தப் பிரார்த்தனைக் கொடிகள் துவண்டு கிடந்தன. பத்து மணிக்குள் காக்பேனி சேர்ந்துவிட வேண்டுமென்று குதிரைக்காரர் துரிதப்படுத்தியும், சாளக்கிராமக் கல் தேடிக் கூழாங்கற்களைப் புரட்டும் ஆவல் யாரை விட்டது? வெயில் ஏறியதும் முதலில் காலடியில் மணல் மெல்ல ஊர்ந்தது. பிறகு தெற்கிலிருந்து வந்த காற்று புழுதியை ஆளுயரத்துக்கு வாரி எங்கள் பிடரியில் அறைய, குதிரைகள் தாமாகவே தலையைத் தாழ்த்திக்கொண்டன. நதி தெற்கே ஓட, காற்று வடக்கே ஏறிச் செல்கிறது.

சூரியன் சமவெளிக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே அளவு வெப்பத்தை வழங்கினாலும், இருபுறச் சரிவுகளும் இடத்தை அடைத்துக்கொள்வதால் பள்ளத்தாக்கில் சூடேற வேண்டிய காற்று குறைவு. ஆகவே அது விரைவில் காய்ந்து லேசாகிவிடுகிறது. வடக்கே மரநிழலும் ஈரமுமற்ற முஸ்தாங் மேட்டுநிலமும் அவ்வாறே காய்ந்து அழுத்தம் தாழவே, அதை ஈடுசெய்யத் தெற்கிலிருந்து புறப்படும் குளிர்ந்த காற்று, 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் இடைப்பட்ட குறுகிய வாயிலில் நுழைந்து, அதைக் கடந்தபின் உக்கிரமடைந்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டுகிறது. 1998-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இங்கே சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, இக்காற்று தரையிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலாக வியாபித்திருப்பதைக் கண்டார்கள். இரவில் சரிவுகள் குளிர்ந்து காற்று கீழ்நோக்கித் திரும்புவது உண்டு. எனினும் பகற்காற்றின் வலிமை அதற்கு இல்லை.

மழையின் கணக்கும் மலையின் கையில்தான் இருக்கிறது. அன்னபூர்ணாவின் தென்புறத்து லும்லே கிராமத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிற மழை, 60 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கும் ஜோம்சோமில் சுமார் 300 மில்லிமீட்டராகக் குறுகிவிடுகிறது. சரிவுகளில் ஏறும் காற்று முகடுகளில் மேகமாகத் திரள, அதற்கு ஈடாகப் பள்ளத்தாக்கின் நடுவே காற்று இறங்குவதால், படுகை வறண்டு கிடக்க மேற்சரிவுகளில் பசுமை தெரிகிறது. முந்தின நாள் பார்த்த மார்ஃபா கிராமத்தில், தட்டைக் கூரை வீடுகள் ஒன்றையொன்று நெருங்கி, குறுகிய சந்துகளால் காற்றைத் தடுத்து நிற்கும் நேர்த்தியைக் கண்டபோது, அதைக் கட்டிய முன்னோரின் மதியூகத்தை மனதார வணங்கினேன்.

முக்திநாதம் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானங்கள் இக்காற்றுக்கு அஞ்சிக் காலை வேளையில்தான் பறக்கின்றன. நீங்களும் அவ்வாறே உங்கள் பிரயாணத்தை முற்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் காற்று முகத்துக்கு நேரே வீசும். ஆகையால் முதியவர்களை அழைத்துச் செல்வோர் பிற்பகலில் ஆற்றுப் படுகையில் இறங்கவே வேண்டாம்.